ஆறு பட்டி, ஒரு மடி புளியங்கொட்டை

கால்நடை மருத்துவம் படிக்கிறேன் என்று சொன்னால் போதும், எங்கள் ஊரில் யாராவது ஒரு மாட்டைக் காட்டி "இதுக்கு என்னன்னு பாரேன்" என்பார்கள். மூன்றாம் வருசம் எபிடெமியாலஜி என்று ஒரு பாடம் வந்திருக்கிறது என்று அப்பத்தாவிடம் சொன்னபோது, அது எந்த மாட்டுக்கு என்று கேட்டாள். ஒரு மாட்டுக்கு இல்லை, ஊர் ஆடு மாடு மொத்தத்துக்கும். எதற்கு வந்தது, எதற்கு வரவில்லை, எப்போது, எங்கே, ஏன் என்று பார்க்கிற படிப்பு என்றேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள். "அப்ப கணக்கப்பிள்ளை வேலைன்னு சொல்லு" என்றாள்.

அன்றைக்குச் சிரித்தேன். அவள் சொன்னது எவ்வளவு சரி என்று விளங்க ஒரு மழைக்காலம் ஆனது.

எங்கள் ஊர் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கமாக உள்ளே தள்ளி இருக்கிறது. கிழக்கே கடல், மேற்கே கண்மாய், நடுவில் சீமைக்கருவேலம். அப்பாவுக்குக் கருவாட்டு வியாபாரம். ஊரில் பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் ஆடு வைத்திருப்பவர்கள், மழையை நம்பி நெல்லும் மிளகாயும் போடுகிறவர்கள். ஆட்டுப் புழுக்கை மிதிக்காமல் நான் பள்ளிக்கூடம் போன நாள் கிடையாது. அதனால் கல்லூரியில் 'மந்தை' என்று பேச்சு வந்தாலே எனக்கு ஒரு தெனாவெட்டு இருந்தது. பட்டணத்துப் பிள்ளைகள் படத்தில் பார்ப்பதை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேனே.

வகுப்பு நன்றாகத்தான் போனது. கால்நடை பொதுச் சுகாதாரமும் நோய்ப்பரவியலும் எங்களுக்கு ஒரே துறை. பால், இறைச்சி, விலங்கிலிருந்து மனிதருக்கு வரும் நோய்கள் எல்லாம் அதில் வரும். 1854-இல் லண்டனில் ஜான் ஸ்னோ காலராவில் செத்தவர்களை வரைபடத்தில் குறித்துத் தண்ணீர்க் குழாயைப் பிடித்த கதை எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது இன்னொன்று. அமெரிக்காவில் தெற்கத்தி மாடுகள் வடக்கே போனால் வடக்கத்தி மாடுகள் செத்துக்கொண்டிருந்தன. உண்ணிதான் காரணம் என்று மாடு வளர்ப்பவர்களில் பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். படித்தவர்கள் காதில் வாங்கவில்லை. தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் உண்ணி உள்ள மாடு, உண்ணி பொறுக்கிய மாடு, மாடே இல்லாமல் உண்ணி மட்டும் விட்ட நிலம் என்று தனித்தனியாகப் பிரித்து வைத்துப் பார்த்து, உண்ணிதான் என்று 1893-இல் வெளியிட்டார்கள். பூச்சி வகையறா ஒன்று நோயைச் சுமந்து பரப்பும் என்பதற்கு வந்த முதல் உறுதியான சான்றுகளில் அது ஒன்று. மலேரியாவுக்குக் கொசுதான் காரணம் என்று ராஸ் காட்டுவதற்கு முன்னால், மாட்டில்.

ப்ரிவலன்ஸ், இன்சிடன்ஸ், அட்டாக் ரேட், கேஸ் ஃபேட்டாலிட்டி என்று சூத்திரங்களை மனப்பாடம் செய்து உள்தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். தீபாவளி விடுமுறைக்குப் போகும்போது ஒரு வேலை கொடுத்தார்கள்: அவரவர் ஊரில் ஏதாவது ஒரு நோய்ப்பரவலைப் பார்த்து நாலு பக்கம் எழுதி வர வேண்டும். எனக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த அன்றே அப்பா, "மழைக்கப்புறம் ஆடெல்லாம் சாகுதும்மா" என்றார்.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பினேன். கண்மாய்க்கரை, ஊர் நடு, சாலை ஓரம் என்று ஆறு பட்டிகளுக்குப் போனேன். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. கண்ணால் பார்த்தவை 41 ஆடுகள்; அவற்றில் 16 நோயோடு இருந்தன. உதடு வீங்கி, மூக்கு ஒழுகி, குளம்புக்கு மேலே சிவந்து, காலைத் தாங்கித் தாங்கி நின்றன. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 39 சதவீதம். ஊர் ஆட்டில் ஐந்துக்கு இரண்டு! பயங்கரமான நோய்ப்பரவல் என்று தலைப்பே எழுதிவிட்டேன்.

அதைக் கவிழ்த்தது அப்பத்தாதான். அவளுக்கும் நாலு வெள்ளாடு உண்டு. நோட்டைப் பார்க்காமலே, "எத்தனை மணிக்குப் போன?" என்றாள்.

"பதினொண்ணு பன்னெண்டு இருக்கும்."

"அந்நேரம் எந்த ஆடு பட்டில இருக்கும்? நல்ல ஆடெல்லாம் மேச்சலுக்குப் போயிருக்குமே. நடக்க மாட்டாததும் குட்டியுந்தான கெடக்கும்."

செலக்‌ஷன் பயஸ் என்ற தலைப்பில் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு அழகாகப் பதில் எழுதியவள் நான். மருத்துவமனைக்கு வருகிறவர்களை மட்டும் எண்ணினால் ஊரே நோயாளி போலத் தெரியும் என்று எடுத்துக்காட்டோடு எழுதியிருந்தேன். பகல் பன்னிரண்டு மணிக்கு ஆட்டுப் பட்டியும் ஒரு ஆஸ்பத்திரிதான் என்பது மண்டையில் ஏறவில்லை.

சரி, சாயங்காலம் போகலாம், மேய்ச்சல் முடிந்து வரும்போது மொத்தத்தையும் எண்ணிவிடலாம் என்று முடிவு செய்தேன். அங்கேதான் உண்மையான சிக்கல்.

எங்கள் பக்கத்தில் ஆட்டுக்காரரிடம் "எத்தனை உருப்படி வச்சிருக்கீங்க?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் "இருக்கு, கொஞ்சம்" என்பார்கள். இல்லாவிட்டால் "என்னத்த, நாலஞ்சு கெடக்கு" என்பார்கள். பின்னால் அறுபது ஆடு நிற்கும். ஊரில் பெரிய மந்தை கீதாரித் தாத்தாவுடையது. ஒரு காலத்தில் அறுவடை முடிந்ததும் தஞ்சாவூர்ப் பக்கம் வயல்களில் கிடை போடப் போய், மழைக்கு முன் திரும்பி வந்தவர். இப்போது முழங்கால் விடுவதில்லை. அவர் பட்டி வாசலில் நின்று நான் விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்ததும் கம்பைக் குறுக்கே நீட்டிவிட்டார்.

"எண்ணாத தாயி. கண்ணு பட்டுரும்."

"நோய் எவ்வளவுன்னு தெரியணும்ல தாத்தா."

"நோவு வந்ததை எண்ணிக்க. நல்லா இருக்கதை எதுக்கு எண்ணுற?"

ஒரு நிமிடம் பதில் இல்லை. எங்கள் பாடத்தின் மொத்தச் சண்டையும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. நோய் வந்ததை மட்டும் எண்ணுவது யாருக்கும் வரும். மாட்டாஸ்பத்திரி ரிஜிஸ்டரே போதும். பின்னத்தின் மேலே நிற்கும் தொகுதி எண் தானாக நம்மிடம் வந்து சேரும். கீழே நிற்கும் பகுதி எண்ணைத் தேடிப் போக வேண்டும், அதுவும் அது நல்லபடியாக மேய்ந்துகொண்டிருக்கும் இடத்துக்கு. இந்தியாவில் கால்நடைக் கணக்கெடுப்பு 1919-இலிருந்து நடக்கிறது. 2019-இல் நடந்தது இருபதாவது. அந்தப் பெரிய அட்டவணைகளிலும் ஏதோ ஒரு வரிசையில் எங்கள் கீதாரித் தாத்தாவின் "நாலஞ்சு கெடக்கு" ஒளிந்திருக்கும் என்று இப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

வழி சொன்னதும் அப்பத்தாதான். ஊரில் பெண்கள் ஆடு எண்ணுவது எப்படி என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பட்டி வாசலில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் படலை ஒதுக்கி வைத்தாள். மடியில் ஒரு படி புளியங்கொட்டை. ஆடு ஒன்று உள்ளே போனால் ஒரு கொட்டை ஓலைப்பெட்டியில் விழும். வாயால் எண் சொல்வது கிடையாது, விரல் நீட்டுவது கிடையாது. செம்மறிக்கு ஒரு பெட்டி, வெள்ளாட்டுக்கு ஒரு பெட்டி என்று நான் மட்டும் ஒரு திருத்தம் செய்தேன். தாத்தா பார்த்துக்கொண்டே நின்றார். கம்பு குறுக்கே வரவில்லை. கொட்டையைத்தானே எண்ணுகிறோம், ஆட்டை இல்லையே.

இருட்டும் நேரம், கண்மாய்ப் பக்கமிருந்து செம்மறிகள் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தன. முன்னால் வருவது கொம்பு சுருண்ட கிடா. பின்னால் ஒன்றின் முதுகில் ஒன்று தாடையை வைத்துக்கொண்டு நெருக்கியடித்து வரும். வாசல் குறுகல் என்பதால் ஒவ்வொன்றாகத்தான் நுழைய முடியும். கொட்டை விழும் சத்தம் 'டக்... டக்... டக்டக்' என்று வேகமெடுத்தது. இரண்டு ஒன்றாகப் புகுந்தால் அப்பத்தா இரண்டு விரலால் இரண்டு போடுவாள். நான் ஒன்றிரண்டைத் தவறவிட்டிருப்பேன், அவள் விடவில்லை. வீட்டுக்கு வந்து விளக்கு வெளிச்சத்தில் கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணினேன்.

இரண்டு சாயங்காலத்தில் ஆறு பட்டியும் முடிந்தது. மொத்தம் 174. நோயோடு இருந்தவை அதே 16. ஆக 9 சதவீதம். 39 எங்கே, 9 எங்கே!

இதோடு முடியவில்லை. மூன்றாம் நாள் கீதாரித் தாத்தா வீட்டுத் திண்ணையில் டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில், "வித்ததையும் சேத்துக்கிட்டியா?" என்றார். வித்ததா? ஆமாம், கால் தாங்க ஆரம்பித்ததும் சில பேர் தீபாவளிக் கறிக்கு வந்த வியாபாரியிடம் தள்ளிவிட்டிருக்கிறார்கள். மறுபடியும் ஆறு வீடும் ஏறி இறங்கினேன். மழைக்குப் பிறகு செத்தவை 6. விற்றவை 7, அதில் 4 நோய் கண்டவை, 3 சும்மா பண்டிகைக்கு விற்றவை. எனவே மழைக்கு முன் அந்தப் பட்டிகளில் இருந்தவை 174-உம் 6-உம் 7-உம் சேர்த்து 187. நோய் கண்டவை 16-உம் 6-உம் 4-உம் சேர்த்து 26. இது 14 சதவீதம்.

ஒரே ஊர், ஒரே வாரம், மூன்று விடை. இதில் 9 என்பது 'இன்றைக்குச் சாயங்காலம் பட்டியில் நிற்பவற்றில் எத்தனை நோயோடு இருக்கின்றன' என்ற கேள்விக்கு விடை, அது ப்ரிவலன்ஸ். 14 என்பது 'மழைக்கு முன் இருந்தவற்றில் எத்தனைக்கு நோய் வந்தது' என்பதற்கு. அது அட்டாக் ரேட். 39 'மதியம் வீட்டில் கிடப்பது எது' என்பதற்கு விடை. அதை யாரும் கேட்கவில்லை. இந்தப் பாடம் படிக்கும் தம்பி தங்கைகள் யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: சூத்திரத்தை எடுக்கும் முன் கேள்வியைத் தமிழில் ஒரு வரி எழுதுங்கள். எத்தனையில் எத்தனை, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை. அந்த வரி எழுத வரவில்லை என்றால் கால்குலேட்டரைத் தொட வேண்டாம்.

எத்தனை என்பது ஒருவழியாகக் கிடைத்தது. என்ன நோய்?

ஊரில் கேட்டால் ஒரே பதில்: "வெக்கை." வெக்கை என்பது மாட்டைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற ரிண்டர்பெஸ்ட்டுக்கு நம் ஆட்கள் வைத்த பெயர். அந்த நோய் உலகத்தில் இல்லை என்று 2011-இல் அறிவித்துவிட்டார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதர் பூண்டோடு ஒழித்த இரண்டாவது நோய் அது. நோய் போனாலும் பெயர் சும்மா இருக்குமா, அடுத்ததன் மேல் ஏறிக்கொண்டது. ஆட்டுக்கொல்லி நோய் என்று பாடப்புத்தகம் சொல்லும் பிபிஆரையும் இப்போது வெக்கை என்கிறார்கள். பாதித் தப்பு, பாதிச் சரி; இரண்டு வைரசும் ஒரே குடும்பம், பங்காளிகள். இந்தியாவில் பிபிஆரை முதலில் கண்டுகொண்டதும் நம் பக்கம்தான், 1987-இல் விழுப்புரம் பகுதி அரசூரில். அங்கே எடுத்த வைரசை வைத்தே ஒரு தடுப்பூசியும் வந்தது.

அப்படியானால் எங்கள் ஊரில் வந்ததும் பிபிஆரா? இங்கேதான் இரண்டு ஓலைப்பெட்டி கைகொடுத்தது. 187-இல் செம்மறி 121, வெள்ளாடு 66. நோய் கண்ட 26-இல் செம்மறி 25, வெள்ளாடு ஒன்றே ஒன்று. பிபிஆர் என்றால் வெள்ளாடு முதலில் விழ வேண்டும். சளியும் கழிச்சலுமாகக் கிடக்க வேண்டும். இங்கே ஒரே பட்டியில் செம்மறி நொண்டுகிறது, பக்கத்தில் வெள்ளாடு கருவேல நெத்தைக் கடித்துக்கொண்டு குதிக்கிறது. மழை விட்ட பிறகு, செம்மறியில், உதடு வீங்கி, குளம்புக்கு மேலே சிவந்து... நீலநாக்கு நோயின் முகம் அது. ஆட்டுக்கு ஆடு ஒட்டாது. கொசுவைவிடச் சின்னதாக, மாலையிலும் விடியலிலும் கடிக்கும் கியூலிகாய்ட்ஸ் என்ற பூச்சி சுமந்து வரும். பேர்தான் நீலநாக்கு, நான் அந்த வாரம் பிடித்துப் பார்த்த வாய்களில் ஒரு நாக்குகூட நீலமாக இல்லை. பெயரை வைத்து நோயைத் தேடினால் தவறவிடுவோம்.

எங்கள் பகுதிக் கால்நடை உதவி மருத்துவரிடம் இரண்டு பெட்டிக் கணக்கையும் சொன்னேன். அன்றைக்கே வந்தார். காய்ச்சல் இருந்த ஆடுகளிடம் மட்டும் ரத்தம் எடுத்தார். இந்த வைரஸ் சிவப்பணுவில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் உறையாமல் இருக்கும் இடிடிஏ குழாயில் கொஞ்சம், சீரத்துக்கு வெறும் குழாயில் கொஞ்சம். ஐஸ் போதவில்லை. கடற்கரை ஊரில் அதற்கா பஞ்சம்? அப்பா மீன் இறக்கும் இடத்திலிருந்து ஒரு கூடை உடைத்த ஐஸ் கொண்டுவந்தார். மருத்துவரின் தெர்மாகோல் பெட்டியில் லேசாகச் சாளை வாடை அடித்தது. சில வாரம் கழித்து, நான் கல்லூரி திரும்பிய பிறகு, போனில் சொன்னார்: நீலநாக்குதான்.

அந்த ஒற்றை வெள்ளாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அப்பத்தாவுடையது. உதடு வீங்கியிருந்தது, நானும் நோய்க் கணக்கில் சேர்த்துவிட்டேன். மருத்துவர் வந்தபோது கேஸ் டெஃபினிஷன் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டார். எது இருந்தால் 'நோய்', எது இல்லாவிட்டால் 'இல்லை' என்ற வரையறை. நான் அப்படி ஒன்று வைக்கவே இல்லை. பார்த்தால் தெரியாதா என்று இருந்துவிட்டேன். காய்ச்சலோடு முகவீக்கமோ குளம்புச் சிவப்போ இருந்தால் மட்டும் என்று அங்கேயே எழுதிக்கொண்டோம். அப்பத்தா ஆட்டுக்குக் காய்ச்சல் இல்லை. உதட்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கருவேல முள். பிடுங்கியதும் அது பாட்டுக்கு மேயப் போய்விட்டது.

முள் போனது, வெள்ளாட்டில் நோய் 1 என்பது 0 ஆனது. 26 என்பது 25 ஆனது. கல்லூரிக்கு வந்து நாலு கட்ட அட்டவணை போட்டேன்: செம்மறியில் நோய் 25, இல்லாதது 96, வெள்ளாட்டில் நோய் 0, இல்லாதது 66. நோய் உள்ளதற்கும் இல்லாததற்கும் உள்ள விகிதம் வெள்ளாட்டைவிடச் செம்மறியில் எத்தனை மடங்கு என்று பார்க்கும் ஆட்ஸ் ரேஷியோ போடப் போனால் பூஜ்யத்தால் வகுக்க வேண்டும். கணக்கு முட்டிக்கொண்டு நின்றது. அந்த ஒரு முள் ஆட்டைத் திரும்பச் சேர்த்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது, பொய் சொல்வானேன். பேராசிரியரிடம் போனேன். "நாலு கட்டத்திலும் அரை அரை சேர்" என்றார். 25.5-ஐ 66.5-ஆல் பெருக்கி, 96.5-ஐ 0.5-ஆல் பெருக்கியதால் வகுத்தால் 35 வருகிறது. பூஜ்யம் வரும் இடங்களில் இப்படி அரை சேர்ப்பது பழைய வழக்கம்தானாம். அரை ஆட்டுக்கு நோய் வந்ததாக எழுதியபோது கை கூசியது.

கூடவே இன்னொன்றும் சொன்னார். வெள்ளாட்டில் பூஜ்யம் என்பது நோய்க் குறி தெரிந்தது பூஜ்யம், தொற்று பூஜ்யம் இல்லை. நீலநாக்கு வைரஸ் வெள்ளாட்டிலும் மாட்டிலும் வெளியே தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கலாம். நான் கண்ணால் பார்த்து எண்ணினேன்; ரத்தத்தைப் பார்த்து எண்ணவில்லை. அறிக்கையில் "வெள்ளாடுகளைத் தாக்கவில்லை" என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு "வெள்ளாடுகளில் நோய்க் குறிகள் காணப்படவில்லை" என்று மாற்றினேன்.

செத்த கணக்கிலும் இதே வம்பு. 25-இல் 6 செத்தது, கேஸ் ஃபேட்டாலிட்டி 24 சதவீதம் என்று எழுதினேன். விற்ற நாலு ஆடு? பிழைத்ததா செத்ததா தெரியாது, அநேகமாகக் கறியாகியிருக்கும். அந்த நாலும் செத்தன என்று வைத்தால் 40, பிழைத்தன என்றால் 24. இரண்டையும் எழுதி, நடுவில் எங்கோ என்று விட்டேன். மதிப்பெண் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை.

எப்போது ஆரம்பித்தது என்று கேட்ட கதை தனி. யாரும் தேதி சொல்ல மாட்டார்கள். "அடைமழை விட்ட மூணா நா", "மக வளைகாப்புக்கு மறுநா", "கரண்டு போச்சுல்ல, அன்னைக்கு." முதலில் எரிச்சல் வந்தது. அப்புறம் தினசரிக் காலண்டர் ஒன்றை வாங்கி அமாவாசை, வெள்ளிக்கிழமை, தீபாவளி, ஊரில் நடந்த நல்லது கெட்டது எல்லாவற்றையும் அதில் குறித்துக்கொண்டு, அதைக் காட்டிக் கேட்டேன். விறுவிறுவென்று சொன்னார்கள். கட்டம் போட்ட தாளில் தேதிவாரியாக ஒரு ஆட்டுக்கு ஒரு கட்டம் என்று நிரப்பினால், நோய் ஏறி இறங்கியதைக் காட்டும் எபிடெமிக் கர்வ் தானாக எழுந்தது. முதல் கட்டங்கள் எல்லாம் கண்மாய்க்கரைப் பட்டிகளில். கணினியில் அழகாகப் போடலாம், ஆனால் முதல் தடவை கையால் போடுங்கள். எந்தக் கட்டம் யாருடைய ஆடு என்பது மறக்காது.

இனி, நான் பெருமையாக நினைத்த இடம். ஆறு பட்டியில் மூன்றில் சாயங்காலம் நொச்சியும் வேப்பிலையும் போட்டு மூட்டம் போடுகிறார்கள், மூன்றில் இல்லை. மூட்டம் போட்ட பட்டிகளில் நோய் 4, போடாதவற்றில் 21. பூச்சி மாலையில் கடிக்கிறது, புகை விரட்டுகிறது, சரியாகப் பொருந்துகிறது! ஸ்மித்–கில்போர்ன் வரிசையில் அடுத்து நான்தான் என்று எண்ணிக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதினேன்.

பேராசிரியர் அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு தடவை படித்தார். "உன்கிட்ட எத்தனை இருக்கு?" என்றார். 187 சார். "இல்லை. ஆறு. மூட்டம் போடுவது ஆடு இல்லை, பட்டி. ஒரு பட்டியில் உள்ள ஆடெல்லாம் ஒரே புகை, ஒரே பூச்சி, ஒரே தண்ணீர். உன்னிடம் இருப்பது மூணுக்கு மூணு." சரி. "மூட்டம் போடாத பட்டியில் எத்தனை கண்மாய்க்கரையில்?" இரண்டு. "அப்போது புகை இல்லாததாலா, தண்ணீர் பக்கத்தில் இருப்பதாலா?" ஒரு காரணத்துக்குள் இன்னொன்று கலந்து குழப்புவதற்குப் பாடத்தில் கன்ஃபவுண்டிங் என்று பெயர். அந்தச் சொல்லை அவர் சொல்லவே இல்லை. நானே பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் கீதாரித் தாத்தாவிடம் போனில் கேட்டேன், கரையில் இருக்கும் பட்டிக்காரர்கள் ஏன் மூட்டம் போடுவதில்லை என்று. "காத்து தாயி. கண்மாய்க்கரையில பொக நிக்காது, கலைச்சிட்டுப் போயிரும். அதான் விட்டுட்டாக" என்றார். ஆக, புகை இல்லாமைக்கும் கரைதான் காரணம். எந்தப் புத்தகத்திலும் இது இருந்திருக்காது. அவரே சொன்னார், அந்தக் காலத்தில் மழை விட்டதும் கண்மாய்க்கரையில் கிடை அமர்த்த மாட்டார்களாம், மேட்டுக்குப் போய்விடுவார்களாம். ஏன் என்று கேட்டேன். "ஆகாதுன்னு எங்கய்யா சொல்லும்."

பாடத்தின் மற்ற பகுதிகளையும் இந்த ஆறு பட்டியை வைத்தே படித்துத் தேறினேன். பலருக்குப் பூச்சாண்டி காட்டுவது ப்ரிடிக்டிவ் வேல்யூ, அதாவது சோதனையில் 'பாசிட்டிவ்' என்று வந்தவற்றில் உண்மையிலேயே நோயுள்ளவை எத்தனை என்ற கணக்கு. ஒரு சோதனை நோயுள்ளதில் 90 சதவீதத்தைப் பிடிக்கும், நோயில்லாததில் 95 சதவீதத்தைச் சரியாக விடும். ஊரில் 2 சதவீதத்துக்குத்தான் நோய். 1000 ஆட்டைச் சோதித்தால்? நோயுள்ளவை 20, அதில் பிடிபடுபவை 18. நோயில்லாதவை 980, அதில் தப்பாகப் பிடிபடுபவை 49. 'பாசிட்டிவ்' என்று வந்த 67-இல் உண்மையானவை 18. கால் பங்குக்குச் சற்று மேல். சூத்திரமாகப் படித்தபோது எத்தனை முறையும் மறந்தது. "பாசிட்டிவ்னு சொல்லி நாலு ஆட்டை வெட்டச் சொன்னா, மூணு நல்ல ஆடு" என்று அப்பத்தாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் முறைத்த முறைப்பில் மறக்கவே இல்லை.

அதேபோல மாதிரி எண்ணிக்கை. ஒரு பெரிய மந்தையில் 5 சதவீதத்துக்காவது நோய் இருந்தால், அதில் ஒன்றையாவது 95 சதவீத நிச்சயத்தோடு பிடிக்க எத்தனை ஆடு சோதிக்க வேண்டும்? 59. நோய் 1 சதவீதம்தான் என்றால் 299. மூன்றை நோய் விகிதத்தால் வகுத்தால் ஏறத்தாழ அதுவே வரும். தேர்வறையில் இதற்கான மடக்கைச் சூத்திரம் மறந்தாலும் இது காப்பாற்றும். சோதனை பிசகாமல் இருக்க வேண்டும், ஆடுகளைப் பாரபட்சமில்லாமல் எடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஸ்கூட்டி போகிற பாதையில் இருக்கிற 59 செல்லாது.

ஒரு சின்ன விசயம், பாடத்துக்கு வெளியே. குவாரன்டைன் வகுப்பில் வெனிஸ், நாற்பது நாள், கப்பல் என்று பாடம் ஓடிக்கொண்டிருந்தபோது எனக்குச் சுருக்கென்றது. மண்டபம் கேம்ப், மண்டபம் கேம்ப் என்று பஸ் கண்டக்டர் கத்தி எத்தனை தடவை கேட்டிருப்பேன். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை நிறுத்திவைத்து, நோய் பார்த்து, அப்புறம் கடல் தாண்ட விட்ட முகாம் அது. சொந்த மாவட்டத்தில் ஒரு குவாரன்டைன் பெயரோடு நிற்கிறது. நான் வெனிசை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

போன புரட்டாசியில், மழைக்கு முன், நீலநாக்குத் தடுப்பூசிக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி ஊரில் தகவல் வந்தது. கீதாரித் தாத்தா பேரனிடம் போனை வாங்கிப் பேசினார்.

"எத்தனைக்கு ஊசி வேணும்னு கேக்காக தாயி. நீ சொல்லிரு."

"நான் எப்படித் தாத்தா சொல்றது? எத்தனை இருக்குன்னு நீங்கதான் சொல்லணும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஆடு கனைப்பது மட்டும் கேட்டது.

"போன வருசம் கொட்டைய எண்ணி நோட்டுல எழுதுனியே, அது இருக்குல்ல?"

"இருக்கு."

"அதோட பதினொண்ணு சேத்துக்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.